முன்கைத் தசைநாண் அறுந்த கேஸ்: கோடிங்கில் எங்கே சிக்கினால் எதைப் பார்ப்பது

அமெரிக்க மருத்துவமனைகளின் எலும்பியல் பதிவுகளுக்குச் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து கோடு (code), அதாவது நோய்க்கும் சிகிச்சைக்குமான குறியீட்டு எண், போடுகிற நமக்கு, முன்கைத் தசைநாண் (tendon) அறுந்த கேஸ் தினமும் வருவதில்லை. தோள்பட்டையும் முழங்காலும் வருகிற அளவுக்கு இது வராது. அதனாலேயே வரும்போது கை தடுமாறுகிறது. இன்சூரன்ஸ் நிறுவனம் நிராகரித்துத் திருப்பி அனுப்பும் கிளெய்ம்களையும் ஆடிட்டில் சிவப்பு விழும் கேஸ்களையும் பார்த்தால், கோடுப் புத்தகம் தெரியாததால் நேர்ந்த தவறுகள் குறைவு. தசைநாண் எந்த இடத்தில் அறுந்தது, எந்த விசையால் அறுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிவில் விடை தேடாமல் கோடுக்குப் போனதால் நேர்ந்தவையே அதிகம்.

கீழே வருபவை எல்லாம் 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடுத் தொகுப்பின்படி எழுதப்பட்டவை. ஆண்டுதோறும் அக்டோபரில் திருத்தம் வரும் என்பதால், கோடை இறுதி செய்யும் முன் அந்த ஆண்டுத் தொகுப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எம் (M) என்று தொடங்குபவை 13ஆம் அத்தியாயம், அதாவது தசை, எலும்பு நோய்கள். எஸ் (S), டி (T) என்று தொடங்குபவை 19ஆம் அத்தியாயம், அதாவது காயங்களும் மருந்து விளைவுகளும்.

முதலில் எல்லை

கீழே “அறிகுறி” என்ற தலைப்பில் வருபவை கோடிங்கில் தட்டுப்படும் சிக்கல்கள். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொகுப்பில் முன்கைக்கு ஒரே எல்லை கிடையாது.

இந்தத் தொகுப்புக்கு அடிப்படையான, உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பில், எம் அத்தியாயத்துக்கென்று இட எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. 1 தோள், 2 மேற்கை, 3 முன்கை, 4 கை. இதில் முழங்கை மூட்டு மேற்கையோடு சேர்கிறது. ஆர எலும்பு, அல்னா என்ற முன்கையின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டு மூட்டும் முன்கை. மணிக்கட்டின் சிற்றெலும்புகளிலிருந்து விரல் நுனி வரை கை. எம்66.23 என்பதில் கடைசியில் நிற்கும் 3 இந்த வரிசையில் வந்த முன்கைதான்.

எஸ் அத்தியாயத்துக்கு வந்தால் எல்லை ஒரு மூட்டு தள்ளிப் போகிறது. எஸ்40 முதல் 49 வரை தோளும் மேற்கையும், எஸ்50 முதல் 59 வரை முழங்கையும் முன்கையும், எஸ்60 முதல் 69 வரை மணிக்கட்டும் கையும் விரல்களும். ஆக, மணிக்கட்டு மட்டத்தில் அறுந்த ஒரே தசைநாண், நோயால் அறுந்தால் முன்கைக் கணக்கிலும் வெட்டுக்காயத்தால் அறுந்தால் கைக் கணக்கிலும் போகும். அறுவைச் சிகிச்சைக்கான சிபிடி எண்களோ எம் அத்தியாயத்தோடு ஒத்துப்போகின்றன. அங்கே முன்கையும் மணிக்கட்டும் ஒரே பிரிவு, மேற்கையும் முழங்கையும் இன்னொரு பிரிவு.

பலர் இந்த மூன்றையும் ஒரே வரைபடமாக மனத்தில் வைத்திருக்கிறார்கள். பாதித் தவறு அங்கே தொடங்குகிறது.

அறிகுறி: ஒரே நோயறிதலுக்கு இரண்டு கோடர்கள் எம்66, எஸ்56 என்று வேறு வேறு கோடு போட்டிருக்கிறார்கள்

இங்கே பார்க்க வேண்டியது விசை. எம்66 தலைப்பின் கீழேயே விளக்கம் இருக்கிறது: வழக்கமான விசைதான் பட்டது, ஆனால் திசு வழக்கமான வலிமையோடு இல்லை என்று கருத இடமிருக்கிறது என்றால் அது எம்66. நல்ல திசுவின் மேல் அசாதாரண விசை விழுந்து அறுந்தால் காயக் கோடு. இதை அங்கேயே விலக்குக் குறிப்பாகவும் போட்டிருக்கிறார்கள்.

முடக்குவாதத்துக்குப் பல ஆண்டுகளாக மருந்து எடுக்கும் ஒருவர் கதவுப் பிடியைத் திருப்பினார், சுண்டுவிரல் தொங்கிவிட்டது என்றால் எம்66. ஏணியிலிருந்து விழும்போது கம்பியைப் பிடித்துத் தொங்கினார், மடக்கு தசைநாண் கிழிந்தது என்றால் எஸ்56. இந்த இரண்டிலும் யாருக்கும் குழப்பம் வராது.

குழப்பம் இடையில் இருக்கிறது. அதே முடக்குவாதக்காரர் குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றினார், நீட்டு தசைநாண் அறுந்தது. எலும்பு முறிவாக இருந்தால், எலும்புத் தேய்வு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர் லேசாக விழுந்து முறித்துக்கொண்டதை நோய் முறிவாகவே கொள்ளச் சொல்லி வழிகாட்டி விதியில் தனிப் பத்தி இருக்கிறது. அந்தப் பத்தி எலும்புக்கு எழுதப்பட்டது. அதைத் தசைநாணுக்கு இழுத்துவந்து நாமே முடிவு செய்வது கோடரின் வேலை அல்ல. விழுந்த விசை ஒரு நல்ல தசைநாணை அறுக்கப் போதுமானதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பதிவில் அது இல்லையென்றால் குவெரி, அதாவது மருத்துவருக்கு எழுத்தில் ஒரு கேள்வி, அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

எம்66க்குள் வந்த பிறகு வேலை எளிது. நீட்டு தசைநாண், முன்கை: வலது எம்66.231, இடது எம்66.232. மடக்கு தசைநாண், முன்கை: வலது எம்66.331, இடது எம்66.332. இரண்டிலும் சேராத மற்றத் தசைநாண்களுக்கு எம்66.83 வரிசை. ஒரே முன்கையில் மூன்று நீட்டு தசைநாண்கள் அறுந்தாலும் எம்66.231 ஒரு முறைதான். விரல் வாரியாகப் பிரிக்கும் வசதி இந்த வரிசையில் இல்லை.

அறிகுறி: மருத்துவர் “முழுமையாக அறுந்தது” என்று எழுதியிருக்கிறார், கோடின் விளக்கத்திலோ “ஸ்ட்ரெய்ன்” (இழுவைக் காயம்) என்று இருக்கிறது

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்துப் பயந்து, ஐந்தாம் இடத்தில் 9 இருக்கிற “மற்றக் காயம்” கோடுக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். அகரவரிசைப் பட்டியலில் காயத்தால் அறுந்த தசைநாணைத் தேடினால், அது ஸ்ட்ரெய்னைப் பார்க்கச் சொல்லியே அனுப்பும். எஸ்56 வரிசையில் ஐந்தாம் இடம் காயத்தின் வகை: 0 குறிப்பிடப்படாதது, 1 ஸ்ட்ரெய்ன், 2 வெட்டு, 9 மற்றவை. தோல் கிழியாமல் உள்ளே அறுந்தால் 1. கத்தியோ கண்ணாடியோ வெட்டினால் 2. பாதி அறுந்ததா முழுதும் அறுந்ததா என்பதற்கு இந்த வரிசையில் இடமே இல்லை. தோளின் சுழல் தசைநாண்களுக்கு அந்தப் பிரிவு உண்டு, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆனாலும் பாதியா முழுதா என்பது பதிவில் இருக்கத்தான் வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைதானா என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும்போது கோடு பேசாது, பதிவுதான் பேசும்.

அறிகுறி: கட்டைவிரல் காயம் என்று எஸ்66 போட்டது, ஆடிட்டில் எஸ்56 என்று திருத்தி வந்திருக்கிறது

தசைநாண் காயக் கோடிங்கில் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான். ஒரு குறிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். பயிற்சிக்காக நான் எழுதியது, ஆனால் இப்படித்தான் வரும்:

“வலது முன்கையின் பின்புறம், மணிக்கட்டு மடிப்புக்கு 5 செ.மீ. மேலே, 4 செ.மீ. நீளக் குறுக்கு வெட்டு. உடைந்த ஜன்னல் கண்ணாடியால் ஏற்பட்டது. காயத்தை நீட்டித்துப் பார்த்ததில் கட்டைவிரலின் நீள நீட்டு தசைநாண் முழுமையாகவும், ஆட்காட்டி விரலுக்கான நீட்டு தசைநாண் பாதியளவும் அறுந்துள்ளன. ஆர நரம்பின் மேலோட்டக் கிளை நலம். அந்நியப் பொருள் இல்லை. இரண்டு தசைநாண்களும் தைக்கப்பட்டன.”

கட்டைவிரல் என்ற சொல் கண்ணில் பட்டதும் விரல் எஸ்66க்குப் போய்விடுகிறது. ஆனால் விரல்களை இயக்கும் நீளத் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு ஓடுகின்றன. எந்த விரல் அசையவில்லை என்பது தசைநாணின் பெயரைச் சொல்லும். எந்த மட்டத்தில் வெட்டு விழுந்தது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கும். இங்கே மடிப்புக்கு 5 செ.மீ. மேலே, ஆகவே முன்கை மட்டம்.

கட்டைவிரல் நீட்டு தசைநாண் வெட்டு, முன்கை மட்டம், வலது: எஸ்56.321ஏ. ஆட்காட்டி விரல் நீட்டு தசைநாண் வெட்டு, முன்கை மட்டம், வலது: எஸ்56.421ஏ. எஸ்56ன் தலைப்பில் தோல் காயத்தையும் சேர்த்துக் கோடு போடும்படி குறிப்பு இருக்கிறது, அதனால் எஸ்51.811ஏ. நரம்பு நலம் என்று அறுவை மருத்துவரே எழுதியிருப்பதால் எஸ்54 கிடையாது. நரம்பு அறுந்திருந்தால் அதற்கும் ஒரு கோடு, ரத்தக் குழாய் அறுந்திருந்தால் எஸ்55ல் ஒரு கோடு. கண்ணாடிக்கு டபிள்யூ25 வெளிக்காரணக் கோடு. மாநிலமோ பணம் செலுத்தும் நிறுவனமோ கட்டாயமாக்காத வரை வெளிக்காரணக் கோடு தேசிய அளவில் கட்டாயமில்லை, ஆனால் விவரம் இருக்கும்போது போடுவதே நல்ல பழக்கம்.

இதன் மறுபக்கமும் உண்டு. உள்ளங்கையில் மடக்கு தசைநாண் அறுந்தால், தசை இழுத்துக்கொண்டு அறுந்த மேல்முனை முன்கை வரைகூடப் போய்விடும். அதை மீட்க அறுவை மருத்துவர் முன்கையில் தனியாக ஒரு வெட்டுப் போடுவார். குறிப்பில் “முன்கை” என்று நாலு இடத்தில் இருக்கும். அதைப் பார்த்து எஸ்56 போட்டால் தவறு. அறுந்த இடம்தான் மட்டம், முனையைக் கண்டெடுத்த இடம் மட்டமாகாது. விரலை மடக்கிப் பிடித்திருந்தபோது வெட்டு விழுந்தால், தோல் காயமும் தசைநாண் அறுந்த இடமும் ஒன்றின் மேல் ஒன்று நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தோல் காயம் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் தசைநாண் எங்கே அறுந்திருந்தது என்ற வரியைத் தேடிப் படித்த பிறகே கோடு போட வேண்டும்.

அறிகுறி: வகை சரி, மட்டம் சரி, ஆனாலும் விரலோ பக்கமோ மாறிவிட்டது

கோடின் ஆறாம் இடத்தைப் பாருங்கள். முன்கை மட்டத்தில் விரல்களின் எண்ணிக்கை 1ல் தொடங்குகிறது. எஸ்56.121 என்றால் வலது ஆட்காட்டி விரலின் மடக்கு தசைநாண் வெட்டு. எஸ்56.122 இடது ஆட்காட்டி. மணிக்கட்டு மட்டத்திலோ எண்ணிக்கை 0ல் தொடங்குகிறது. எஸ்66.120 வலது ஆட்காட்டி, எஸ்66.121 இடது ஆட்காட்டி. எஸ்56ல் பழகிய கையோடு எஸ்66ல் 1 போட்டால் வலது கை இடது கையாகிவிடும். கிளெய்ம் சில நேரம் நிராகரிக்கப்படாமலேயே போய்விடும். நோயாளியின் பதிவில் காயப்படாத கை காயப்பட்டதாக நிற்கும். அடுத்த முறை அவர் வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் கோடும் கூடவே போகும். பணம் வந்துவிட்டது என்று இதை விட்டுவிடக் கூடாது.

பக்கமே குறிப்பிடாத கோடு, அதாவது 9ல் முடிகிற கோடு, பெரும்பாலும் நிராகரிக்கப்படும். பதிவில் உண்மையிலேயே பக்கம் இல்லையா என்று முழுதும் தேடுங்கள். மருத்துவர் எழுதாவிட்டாலும், செவிலியர் போன்ற பிற மருத்துவப் பணியாளர்களின் பதிவிலிருந்து பக்கத்தை எடுத்துக்கொள்ள 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி அனுமதிக்கிறது. ஒரு பதிவில் வலது, இன்னொன்றில் இடது என்று முரண்பட்டால் மட்டும் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

அறிகுறி: “செல்லாத கோடு” என்று கிளெய்ம் உடனே திரும்புகிறது

எழுத்துகளை எண்ணுங்கள். எஸ் வரிசைக்கு ஏழு வேண்டும், எம்66.23 வரிசைக்கு ஆறுதான். எம்66.231ஏ என்று ஒரு கோடு இல்லை. எஸ்56.321 என்று ஏழாவது எழுத்தில்லாமலும் ஒரு கோடு இல்லை. நரம்புக் காயத்தில் நடுவே எக்ஸ் நிரப்ப வேண்டும்: முன்கை மட்டத்தில் வலது மீடியன் நரம்புக் காயம் எஸ்54.11எக்ஸ்ஏ.

ஏழாவது எழுத்தைத் தேர்வதில் பழைய தவறு ஒன்று இன்னும் சாகவில்லை. ஏ (A) என்றால் முதல் வருகை, அடுத்த வருகை என்றால் டி (D) என்று பிடிவாதமாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏ என்பது காயத்துக்கான நேரடிச் சிகிச்சை நடக்கிற வருகை. அவசரப் பிரிவில் தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள், மூன்று வாரம் கழித்து கை அறுவை மருத்துவர் தசைநாணைத் தைத்தார் என்றால், அந்த இரண்டாவது வருகையும் ஏதான். சிகிச்சை முடிந்து, ஆறுகிற காலத்தில் கட்டுப் பிரிக்கவும் இயன்முறைப் பயிற்சிக்கும் வருவது டி. காயம் ஆறி, அதன் பின்விளைவாக இன்னொரு பிரச்சினை மிஞ்சினால் எஸ்.

எம்66 கேஸுக்கு ஏழாவது எழுத்து இல்லாததால், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பை இசட்47.89 போன்ற பின்கவனிப்புக் கோடுகள் காட்டும். காயக் கேஸில் அந்த இசட் கோடுகளைப் போடக் கூடாது, டி என்ற எழுத்தே அந்த வேலையைச் செய்கிறது.

அறிகுறி: ஆர எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த பின் கட்டைவிரல் தூக்க முடியவில்லை, பழைய முறிவைச் சேர்ப்பதா, தனியாகப் போடுவதா?

மெதுவாகப் படிக்க வேண்டிய கேஸ் இது. ஆர எலும்பின் கீழ்முனையின் பின்புறத்தில் லிஸ்டர் முகடு என்ற சிறு மேடு இருக்கிறது. கட்டைவிரலின் நீள நீட்டு தசைநாண் அந்த மேட்டைச் சுற்றித் திரும்பி, ஒடுக்கமான ஓர் உறைக்குள் ஓடுகிறது. எலும்பு முறியும்போது அந்த உறைக்குள் வீக்கமும் ரத்தமும் சேர்ந்து தசைநாணுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, கரடான எலும்பு விளிம்பும் உரசுகிறது. வாரங்கள் கழித்து, சில நேரம் மாதங்கள் கழித்து, எந்த அடியும் படாமல் தசைநாண் அறுகிறது. விலகாத, லேசான முறிவுகளில் இது நேர்வதுதான் அறுவை மருத்துவர்களையே எச்சரிக்கையாக வைத்திருக்கிறது. உறை கிழியாமல் இருப்பதால் அழுத்தம் வெளியேற வழியில்லை என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

புதிய விசை எதுவும் படவில்லை, திசு நலிந்திருந்தது. ஆகவே எம்66. அறுந்த இடம் ஆர எலும்பின் கீழ்முனை, எம் அத்தியாயத்தின் வரைபடத்தில் அது முன்கை. வலது என்றால் எம்66.231. கட்டைவிரல் என்று பார்த்துக் கைக்கான எம்66.241 போட்டு வருவதுதான் இங்கே வழக்கமான வழுக்கல்.

பழைய முறிவை எப்படிச் சேர்ப்பது என்பது, அது ஆறிவிட்டதா என்பதைப் பொறுத்தது. ஆறிவிட்டது, அதன் பின்விளைவே இது என்று மருத்துவர் எழுதியிருந்தால், முதலில் எம்66.231, அடுத்து எஸ்52.5 வரிசையில் அந்த முறிவின் கோடு, கடைசி எழுத்து எஸ். பின்விளைவுக்குக் காலவரம்பு கிடையாது. முறிவு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள் என்றால் முறிவின் கோடு டியில் முடியும். இரண்டில் எது என்று தேதியைக் கூட்டிக் கழித்து நாம் கண்டுபிடிக்கக் கூடாது.

முறிவுக்குத் தகடு வைத்திருந்து, தகட்டின் விளிம்பு தேய்த்துக் கட்டைவிரல் மடக்கு தசைநாண் அறுந்தால் கதை மாறுகிறது. அது உள்வைத்த சாதனத்தின் சிக்கலாக டி84 பக்கம் போகக்கூடியது. சிக்கல் என்ற கோடுக்கு, தகடுதான் காரணம் என்று மருத்துவர் தொடர்பை எழுதியிருக்க வேண்டும். தகடு இருக்கிறது, தசைநாணும் அறுந்திருக்கிறது என்ற இரண்டு தகவல்கள் மட்டும் போதாது.

அறிகுறி: எம்66 போட்டாயிற்று, “ஏன் அறுந்தது என்று தெரியவில்லை” என்று திரும்பி வருகிறது

தசைநாண் நலிவதற்கு ஒரு காரணம் இருக்கும். அது பதிவில் இருந்தால் கிளெய்மிலும் இருக்க வேண்டும்.

முடக்குவாதம் முதல் சந்தேகம். அல்னாவின் கீழ்முனை துருத்திக்கொண்டு சுண்டுவிரல், மோதிரவிரலின் நீட்டு தசைநாண்களைத் தேய்த்து அறுப்பதை வாகன்-ஜாக்சன் 1948இல் விவரித்தார். குறிப்பில் அந்தப் பெயர் வந்தால் இடம் முன்கை, நீட்டு தசைநாண், எம்66.23 வரிசை. மானர்ஃபெல்ட் என்ற பெயர் வந்தால் அது கட்டைவிரலின் நீள மடக்கு தசைநாண், மணிக்கட்டுக் குகைக்குள் ஸ்கேஃபாய்டு எலும்பின் முள் தேய்த்து அறுப்பது. ஸ்கேஃபாய்டு மணிக்கட்டுச் சிற்றெலும்பு, ஆகவே எம் வரைபடத்தில் அது கை, எம்66.34 வரிசை. இரண்டுமே மணிக்கட்டுப் பிரச்சினை என்று ஒரே கோடில் அடைத்துவிடாதீர்கள். இரண்டோடும் முடக்குவாதத்தின் கோடு வரவேண்டும், உதாரணமாக எம்05.731.

அடுத்தது மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தசைநாண் அறுதல் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் கட்டாயமாக்கியது. குதிகால் தசைநாண்தான் அதிகம் அறுகிறது என்றாலும் கை, கட்டைவிரல், பைசெப்ஸ் எல்லாம் அந்த எச்சரிக்கையில் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தைச் சரியாக எடுத்தும் அறுந்தது, மருந்தே காரணம் என்று மருத்துவர் எழுதினால், முதலில் எம்66 கோடு, பிறகு டி36.8எக்ஸ்5ஏ. வரிசையை மாற்றாதீர்கள், விளைவு முன்னால், மருந்து பின்னால். நீண்டகால ஸ்டீராய்டுக்கு இசட்79.52. மருந்துப் பட்டியலில் சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதைக் கண்டு நீங்களே முடிச்சுப் போடக் கூடாது, ஆனால் கண்ட பிறகு கேட்காமல் விடவும் கூடாது. அடுத்த மருத்துவர் அதே மாத்திரையைத் திரும்ப எழுதாமல் தடுக்கக்கூடிய ஒரே வரி அதுவாக இருக்கலாம்.

அறிகுறி: ஸ்கேன் அறிக்கையில் “அறுந்திருக்கலாம்” என்று இருக்கிறது

வெளிநோயாளி என்றால், இருக்கலாம், சந்தேகம், ஒத்துப்போகிறது என்ற சொற்களோடு வருகிற நோயறிதலுக்குக் கோடு போடக் கூடாது. அறிகுறிக்குப் போடுங்கள்: முன்கை வலி வலது எம்79.631, மணிக்கட்டு தொங்குதல் வலது எம்21.331. உள்நோயாளியாக இருந்து, வீடு திரும்பும் நேரத்திலும் மருத்துவர் அப்படியே எழுதியிருந்தால், மருத்துவமனைத் தரப்பில் அதை இருப்பதாகவே கொள்ளலாம்.

விரல்கள் தொங்குவதெல்லாம் தசைநாண் அறுந்ததாகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர நரம்பின் பின்கிளை அழுந்தினாலும் விரல்களை நீட்ட முடியாது. மணிக்கட்டை மருத்துவர் மெல்ல மடக்கிப் பார்ப்பார். தசைநாண் முழுதாக இருந்தால் விரல்கள் தாமாகவே நீளும், அறுந்திருந்தால் நீளாது. இந்தச் சோதனையைக் குறிக்கும் டெனோடெசிஸ் என்ற சொல் உடல் பரிசோதனைப் பகுதியில் இருந்தால் அந்த வரியை விடாதீர்கள். நரம்புதான் காரணம் என்று முடிந்தால் கோடு ஜி56.3 பக்கம் போகும்.

அறிகுறி: முழங்கைக்குப் பக்கத்தில் அறுந்த கேஸ் எதிலும் பொருந்தவில்லை

பைசெப்ஸின் கீழ்த் தசைநாண் ஆர எலும்பில்தான் போய் ஒட்டுகிறது, அதாவது முன்கையில். இருந்தும் கனமான பொருளைத் தூக்கும்போது அது அறுந்தால் எஸ்56 வராது. பைசெப்ஸ் மேற்கைத் தசை, அதற்கு எஸ்46.21 வரிசையில் தனி இடம் இருக்கிறது: வலது எஸ்46.211ஏ. அறுவைக்குச் சிபிடி 24342. முழங்கையின் வெளிப்புறத்தில் நீட்டு தசைகளின் பொதுத் தொடக்கம் அடிபட்டுக் கிழிந்தால் எஸ்56.511ஏ. நாள்பட்ட டென்னிஸ் எல்போவின் பகுதியாக ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால் எம்77.11 போதுமா, கிழிசலுக்கும் தனிக் கோடு வேண்டுமா என்பது மருத்துவர் கிழிசலைத் தனி நோயறிதலாக எழுதினாரா என்பதைப் பொறுத்தது.

அறிகுறி: நோயறிதலும் அறுவைச் சிகிச்சை எண்ணும் ஒத்துப்போகவில்லை

முன்கை, மணிக்கட்டு மடக்கு தசைநாண் தையல்: உடனடியாக 25260, தாமதமாக 25263. நீட்டு தசைநாண்: உடனடியாக 25270, தாமதமாக 25272. எல்லாமே ஒவ்வொரு தசைநாணுக்கும் தனித்தனி. மேலே பார்த்த கண்ணாடிக் காயத்தில் 25270 இரண்டு முறை. தேய்ந்து அறுந்த தசைநாணின் முனைகளை நேராக இழுத்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. பக்கத்துத் தசைநாணை மாற்றி இணைப்பார்கள், முன்கை, மணிக்கட்டு மட்டத்தில் அதற்கு 25310. அதனால் எம்66 நோயறிதலோடு “உடனடித் தையல்” எண் வந்தால் நிறுத்திக் குறிப்பை மறுபடி படியுங்கள். இரண்டில் ஒன்று தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: குவெரி அனுப்பினால் மருத்துவர் “சரி” என்று மட்டும் பதில் எழுதுகிறார்

குவெரியில் விடையை நாமே எழுதிக் கொடுத்திருப்போம். “இது தன்னிச்சையாக அறுந்ததுதானே?” என்று கேட்டால் சரி என்றுதான் வரும், அந்தப் பதில் ஆடிட்டில் நிற்காது. பதிவில் உள்ள தகவல்களை முதலில் வையுங்கள்: “64 வயது, முடக்குவாதம், 12 ஆண்டுகளாகப் பிரெட்னிசோன் (ஸ்டீராய்டு). குளியலறையில் வழுக்கி இடது கையை ஊன்றியதாக அவசரப் பிரிவுக் குறிப்பு. அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் தசைநாண் முனைகள் நைந்திருந்ததாக உள்ளது.” பிறகு கேள்வி: “இந்தத் தசைநாண் அறுந்ததன் தன்மையை உங்கள் மருத்துவ மதிப்பீட்டின்படி குறிப்பிடவும்.” அதன் கீழே தேர்வுகள்: காயத்தின் விசையால் அறுந்தது, நோயால் நலிந்த தசைநாண் வழக்கமான விசையில் அறுந்தது, வேறு காரணம் (குறிப்பிடவும்), தீர்மானிக்க இயலவில்லை. எந்தத் தேர்வுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சு குவெரியில் எங்கும் இருக்கக் கூடாது.

முனைகள் நைந்திருந்தன என்ற அந்த ஒரு வரியைக் குவெரியில் எடுத்துவைக்க மறக்காதீர்கள். அறுவை மேசையில் தசைநாணைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த வரியைத் திரும்பப் படித்ததும் பெரும்பாலான மருத்துவர்கள் ஒற்றைச் சொல்லில் நிறுத்துவதில்லை. பதில் வந்ததும் அது நிரந்தரப் பதிவில் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளெய்மை விடுங்கள். மின்னஞ்சலில் மட்டும் கிடக்கிற விளக்கத்தை வைத்துக் கோடை மாற்ற முடியாது.